கப்பல் பேரு தெரியாத ஜெசிந்தா

"எல்லாத்தையும் போன்லயே பாத்துக்கலாமே, இன்னும் எதுக்குய்யா நூலகம்?"ன்னு போன வாரம் ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு. நான் அவரோட வாதம் பண்ணல. நடந்தது ஒண்ணைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்றேன், கொஞ்சம் காது குடுங்க.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரு. அங்க ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. எட்டாவது வரைக்கும் படிச்சவ. புருஷன் பேரு பெர்க்மான்ஸ். சரக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை. எங்க இருந்தாலும் சரி, ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு இவ வீட்டுக்கு வந்ததும் போன் வந்துடும். கல்யாணமாகி நாலு வருஷமா ஒரு வாரம் தவறினதில்ல.

ஒரு ஞாயிறு... போன் வரல.

சிக்னல் இருக்காதுன்னு நெனைச்சா. அடுத்த ஞாயிறு... வரல. இவளே போட்டுப் பாத்தா, சுவிட்ச் ஆஃப். வேலைக்கு அனுப்பின ஏஜென்ட்டுக்குப் போட்டா, எடுக்கவே மாட்டேங்கிறான். மூணாவது ஞாயிறும் போச்சு. தெருவுல பேச ஆரம்பிச்சுட்டாங்க. "அந்தப் பக்கம் புயலாமே"ன்னு ஒருத்தி. "ஒரு கப்பல் முங்கிட்டாம்"னு இன்னொருத்தி. மாமியார் சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுட்டாங்க. இவ வயித்துல அஞ்சு மாசம்.

நீங்க சொல்லுங்க... அந்தப் பொண்ணு யாருகிட்ட போய்க் கேப்பா?

ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்ற வழியில ஊர் நூலகம். வாசல்ல ஒரு பலகை. "பெண்களுக்கு இலவசக் கணினிப் பயிற்சி, சனிக்கிழமை மாலை மூன்று மணி." அந்த வழியா நூறு தடவை போயிருக்கா. ஒரு நாளும் உள்ள போனதில்ல. அன்னைக்குப் போனா. சனிக்கிழமை கூட இல்ல, புதன்கிழமை! நூலகர் இசக்கியம்மாள் மேசை முன்னால போய் நின்னா. என்ன கேட்டா தெரியுமா?

"மேடம்... கடல்ல போற கப்பல் எங்க நிக்குன்னு இந்தக் கம்ப்யூட்டர்ல பாக்க முடியுமா?"

அந்தம்மா சிரிக்கல. "உறுப்பினரா நீங்க?"ன்னு கேக்கல. நாற்காலிய இழுத்துப் போட்டாங்க.

"உக்காருங்க. கப்பல் பேரு என்ன?"

"தெரியாது மேடம்..."

ஆமாய்யா! நாலு வருஷமா "ஒடம்பு எப்படி இருக்கு, சாப்பிட்டியளா"ன்னு கேட்டிருக்கா. கப்பல் பேரக் கேக்கணும்னு அவளுக்குத் தோணவே இல்ல. நம்ம வீட்டுல எத்தனை பேருக்குத் தெரியும், புருஷன் வேலை பாக்குற எடத்தோட முழுப் பேரு?

"போட்டோ ஏதாவது அனுப்பியிருக்காரா?"

ஒண்ணு இருந்துச்சு. கப்பல் மேல சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. பின்னால பச்சைக் கலர்ல புகைக்கூண்டு. பக்கத்துல ஆரஞ்சுக் கலர்ல, ஆள் மிதக்கப் போடுற வளையம். அதுல கப்பல் பேரு எழுதியிருக்கு... ஆனா பாதி எழுத்த இவரு முழங்கை மறைச்சுக்கிட்டு இருக்கு!

இசக்கியம்மாள் படத்தைப் பெருசாக்கினாங்க. தெரிஞ்ச நாலு எழுத்த வச்சு, கப்பல்கள் எங்கெங்க இருக்குன்னு காட்டுற இணையதளத்துல தேடினாங்க. முதல் கப்பல், படமே வேற. ரெண்டாவது... அதுவும் இல்ல. மூணாவதைத் திறந்ததும் ஜெசிந்தா எந்திரிச்சுட்டா.

"இதுதான் மேடம்! இந்தப் பச்சைப் புகைக்கூண்டுதான்!"

கப்பல் முங்கல. ஆப்பிரிக்காக் கரையில ஒரு துறைமுகத்துக்கு வெளிய, கரைக்கு ரொம்பத் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்குது. பதினெட்டு நாளா ஒரே எடத்துல.

கப்பல் இருக்கு. ஆளு? அது தெரியலியே!

அந்தத் துறைமுகத்துல மாலுமிகளுக்கு உதவுற ஒரு சங்கம் இருந்துச்சு. அதோட மெயில் முகவரிய இசக்கியம்மாள் கண்டுபிடிச்சாங்க. "உங்க புருஷனுக்காக நீங்கதான் எழுதணும். தமிழ்ல எழுதுங்க. கீழ நான் இங்கிலீஷ்ல போடுறேன்"னு சொல்லி, அவ பேர்ல ஒரு மெயில் கணக்கு தொடங்கிக் குடுத்தாங்க. ஒத்த விரலால எழுத்து எழுத்தாத் தேடித் தட்டினா அந்தப் பொண்ணு. ஒரே வரி. "என் வீட்டுக்காரர் பெர்க்மான்ஸ் உயிரோட இருக்காரா?"

வியாழன், பதில் இல்ல. வெள்ளி, இல்ல. காலையில வருவா, சாயங்காலமும் வருவா. சனிக்கிழமை பயிற்சி வகுப்பு நடந்துக்கிட்டு இருக்கு. அவளோட மெயில் கணக்குக்கு, கம்ப்யூட்டர்ல வீடியோ அழைப்பு வருது. எடுத்தா... தாடியும் மீசையுமா ஒரு முகம்.

"ஏ ஜெசி... நல்லாருக்கியாடி?"

இன்ஜின் பழுது. கரை தூரம், சிக்னல் கெடையாது. கேப்டன் கம்பெனிக்குத் தகவல் சொல்லிட்டாரு. கம்பெனி வீடுகளுக்குச் சொல்லல. இவரு போன் எண்ணெய்த் தொட்டியில விழுந்துபோச்சு. அந்தச் சங்கத்து ஆளு படகு புடிச்சுப் போய், சிக்னல் கெடைக்கிற எடம் வரைக்கும் இவரக் கூட்டிக்கிட்டு வந்து, தன்னோட போனக் குடுத்துப் பேச வச்சிருக்காரு.

ஜெசிந்தாவுக்கு முதல்ல கோவந்தான் வந்துச்சு. "உயிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு ஒரு மாசமாய்யா?"ன்னு கத்தினா. அப்புறம் மேசையில தலைய வச்சு அழுதா பாருங்க... நூலகமே அதிர்ந்துச்சு. பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க. யாரும் "சத்தம் போடாதீங்க"ன்னு சொல்லல. இசக்கியம்மாளே கண்ணத் தொடச்சுக்கிட்டுத்தான் நின்னாங்க.

அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் மாமியார் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாங்களாம். ஒன்றரை மாசத்துல பெர்க்மான்ஸும் வந்து சேந்தாரு.

இப்பச் சொல்லுங்க. ஜெசிந்தா கையில போன் இல்லையா? இருந்துச்சு! இணையம் இல்லையா? இருந்துச்சு! இல்லாதது என்ன? "உக்காருங்க"ன்னு சொல்ல ஒரு ஆளு. அந்த ஆளு எங்க இருந்தாங்க? நூலகத்துல! அங்க புத்தகம் இருக்கு, பேப்பர் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, வகுப்பு நடக்குது. எல்லாத்துக்கும் மேல, ஒங்க கவலையத் தன் கவலையா எடுத்துக்கிட்டுத் தேடித் தர ஒரு மனுஷர் இருக்காங்க.

நாளைக்குக் காலையில நம்ம ஊர் நூலகமும் திறந்துதான் இருக்கும். படிக்கத் தெரிஞ்சவங்களும் போங்க, தெரியாதவங்களும் போங்க. "இதெல்லாம் அங்க போய்க் கேக்கலாமா"ன்னு மட்டும் வாசல்லயே நின்னுடாதீங்க... உள்ள போய்க் கேளுங்க!