ஒரு நிமிடமும் விழாத சேவர்

கீக், கீக், கீக் என்று யு.பி.எஸ். பெட்டி கத்தத் தொடங்கினால் எங்கள் வீட்டில் எல்லோரும் விளக்கைத் தேடுவார்கள். நான் மட்டும் பிரிட்ஜை முறைத்துப் பார்ப்பேன்.

2005ஆம் ஆண்டு, வவுனியா பட்டாணிச்சூரில், மாமனார் வீட்டுத் தகரக் கூரை அறையில் பழைய கணினி ஒன்றைச் சேவராக்கி, பிறருடைய இணையத்தளங்களைக் குடிவைக்கும் தொழிலைத் தொடங்கினேன். முதல் வாடிக்கை ஒரு ஜனாஸா, அதாவது மரண அறிவித்தல் தளம். எங்கள் சனம் இடம்பெயர்ந்து புத்தளத்திலும் கொழும்பிலும் கட்டாரிலும் சிதறிக் கிடக்கிறது. ஒருவர் மௌத்தானால் சில மணி நேரத்துக்குள் அடக்கிவிடுவோம். அறிவித்தல் அரை மணி நேரம் விழுந்து கிடந்தால், புத்தளத்தில் பஸ் ஏற வேண்டிய மகன் ஏறமாட்டான். அதனால் என் சேவர் ஒரு நிமிடமும் விழாது என்று வாக்குக் கொடுத்தேன். இதில் யாராவது பிழை சொல்ல முடியுமா?

பிழை பிரிட்ஜில்தான் இருந்தது. அதன் மோட்டர் உதறிக்கொண்டு எழும்பும் ஒவ்வொரு தடவையும் வீட்டு மின்சாரம் தாழ்ந்து, யு.பி.எஸ். தாங்காமல் சேவர் அணைந்துபோனது. ஆகவே பிரிட்ஜின் பிளக்கைத் திறந்து, உள்ளே ஒரு வயரை வெட்டிவிட்டு, பழையபடி மூடிவைத்தேன்.

"பிரிட்ஜில காஸ் போயிட்டுது. திருத்துற ஆள் கொழும்பால வர ரெண்டு கிழமை செல்லும்" என்று மனைவி றிம்ஸியாவிடம் சொன்னேன்.

இறைச்சியை அன்றே சமைத்துவிட்டோம். மிஞ்சியவை மாமாவின் இன்சுலின் குப்பிகள். மாமனார் நஜீமுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். பக்கத்து வீட்டுக் கமலாசனி ரீச்சரின் பிரிட்ஜில் குப்பிகளை வைக்க றிம்ஸியா புறப்பட்டாள். ரீச்சரின் கணவர் மின்சார வேலை செய்பவர். விஷயம் காதில் விழுந்தால் திருப்புளியோடு வந்து நிற்பார். ஆகவே, காற்றாடி ஓயாத என் அறையிலேயே மருந்து குளிர்ச்சியாக இருக்கும் என்று அவளைத் தடுத்து, குப்பிகளைச் சேவரின் பின்னால், காற்று வெளியே வரும் இடத்தில் அடுக்கினேன். அது சூடான காற்றா என்று அவள் கேட்கவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளையும் வாசித்தேன். சூட்டில் மருந்து வலுவிழக்கும் என்று இருந்தது. வாசிக்காமல் நான் எதையும் செய்வதில்லை.

இரண்டு கிழமை ஆறு கிழமையானது. ஊசி தவறவில்லை, ஆனால் மாமாவின் சீனி ஏறிக்கொண்டே போனது. கலியாண வீட்டிலிருந்து கருப்பட்டி இனிக்கும் வட்டிலப்பம் வந்திருந்த நாளில் றிம்ஸியா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, உண்மையச் சொல்லுங்கோ. சட்டியில ஒரு பக்கம் கிணறு வெட்டின மாதிரிக் கிடக்குது."

"பூனையா இருக்கும் மகள்."

"பூனை கரண்டி கழுவி வச்சிட்டோ போகும்?"

"அல்லாஹ்மேல சத்தியமா நான் தொடயில்லை."

அந்தக் கரண்டியைக் கழுவி வைத்தவன் நான். என்றாலும் குசினி அலுமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் ஒற்றுமை முக்கியம்.

அன்று பின்னேரம் மாமா மூன்றாவது செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மருமகன், நீங்களாவது என்னை நம்புங்கோ."

"நம்புறன் மாமா" என்றேன். அது பொய்யல்ல. அந்த வீட்டில் அவரை முழுதாக நம்பிய ஒரே ஆள் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை மாமா கிணற்றடியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. புத்தளத்திலிருந்து ஓடிவந்த அவருடைய மகன் ஜவ்பர், வார்ட்டு வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, மருந்து எங்கே இருந்தது என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். வயர், காஸ், காற்றாடி, துண்டுத்தாள், கரண்டி. நாற்பத்தேழு நாளாகச் சேவர் ஒரு நிமிடமும் விழவில்லை என்பதையும் சொன்னேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"வாப்பா இன்னும் மூச்சு விடுறார்" என்றார் ஜவ்பர், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவருக்காக ஒரு துஆவாவது கேளுங்கோ."

"கேக்கிறன் மச்சான். அடக்கம் லுஹர் தொழுகைக்குப் பிறகோ அஸர் தொழுகைக்குப் பிறகோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. அறிவித்தலில மிச்சமெல்லாம் அடிச்சு வச்சிட்டன்."