மேனேஜர் வளரவேயில்லை

நண்டுத் தொட்டிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிற வேலையை என்னைப்போல ஒழுங்காகச் செய்ய இந்த வீட்டில் ஆள் கிடையாது. உன் அக்காவே அதை ஒப்புக்கொள்வாள். மச்சினி என்ற உரிமையில் நேற்று நீ ஒரு கேள்வி கேட்டாய். "இத்தனை வருஷத்துல இந்த நண்டு ஏன் அத்தான் கொஞ்சம்கூட வளரல?" அவள் கடைக்குப் போயிருக்கிறாள், வர நேரமாகும். சொல்லிவிடுகிறேன்.

சங்கு நண்டுக்குச் சொந்த வீடு கிடையாது. காலிச் சங்கில் குடியேறும், உடம்பு பெருத்தால் பெரிய சங்காகப் பார்த்து மாறும். வேலை என்றால் உள்ளே போய்விடும், சாப்பாடு என்றால் முதல் ஆளாக வெளியே வரும் என்பதால் உன் அக்கா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். இடது கொடுக்கில் ஒரு கறுப்பு மச்சம். அந்த நண்டுமேல்தான் அவளுக்கு உயிர். எழுந்ததும் ஊர்க்கதையெல்லாம் அதனிடம்தான். என்னிடம், "குப்பையைக் கொட்டிட்டீங்களா?" என்பதோடு சரி. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை.

உன் பிரசவத்துக்கு அவள் வந்து தங்கினாளே, அப்போது மேனேஜர் என் பொறுப்பு. ஒருநாள் மணலுக்குள் இறங்கியது, வரவேயில்லை. எனக்குக் கை சும்மா இருக்காது. கிளறிப் பார்த்தேன். வெளுத்து, துவண்டு, அசையாமல் கிடந்தது. அதன் கால்களே பக்கத்தில் தனியாகக் கழன்று கிடந்தன. செத்துவிட்டது என்று நினைத்தேன். சங்கை மட்டும் கழுவி வைத்துக்கொண்டு, மற்றதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையோடு கொட்டினேன்.

வந்து பார்த்தால் அவள் அழுவாளே. நான் பல் செட் செய்கிறவன். ஒருவர் வாயில் இல்லாத பல்லை, பக்கத்துப் பல்லுக்கே சந்தேகம் வராதபடி செய்து கொடுப்பது என் பிழைப்பு. அதே அளவில் ஒரு நண்டைத் தேடி வாங்கினேன். அது தன் சங்கைவிட்டு வர மறுத்தது. பட்டறை இடுக்கியில் வைத்துப் பொறுமையாகத் திருகினால் சங்கு விரிசல் விடும். நண்டுக்கு அவ்வளவாக அடிபடாது. வெற்றுடம்போடு சுற்றிச் சுற்றி வந்தது. மேனேஜரின் சங்கைத் தவிர வேறு எதுவும் நான் அங்கே வைக்கவில்லை. உள்ளே போயிற்று. மச்சத்தை நானே வண்ணம் தொட்டு வைத்தேன்.

உன் அக்கா வந்து பார்த்தாள். "நீங்க பாத்துக்கிட்டா அது நல்லாத்தான் இருக்கும்," என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு. அன்று எனக்கும் கொஞ்சம் ஊர்க்கதை கிடைத்தது.

பிறகு மணல் வாங்கப் போனபோது கடைக்காரர் சொன்னார். "மண்ணுக்குள்ள போனா தொட்டுடாதீங்க சார். தோல் உரிக்கும். பாத்தா செத்த மாதிரிதான் இருக்கும். கொஞ்ச வாரம் கழிச்சு பெருசா வெளிய வரும்." அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து இரண்டாவது மேனேஜரும் மண்ணுக்குள் இறங்கியது. உயிரோடுதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் தோலோடு நான் வைத்த மச்சமும் போய்விடும். இந்தப் பக்கம் உன் அக்கா தொட்டி முன்னால் உட்கார்ந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் தோண்டி எடுத்தேன். மறுநாள் அதே சங்கில் புது மேனேஜர் துள்ளிக்கொண்டு திரிந்தது. "எல்லாம் இவர் கைராசி," என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது. எல்லாம் ஒரே அளவு, இம்மி பிசகாது. அங்கேதான் உன்னிடம் மாட்டிக்கொண்டேன். இதில் எனக்கென்ன ஆதாயம் சொல். அவள் கண் கலங்கக் கூடாது, அவ்வளவுதான்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தான்," என்கிறாய். நியாயம்தான், இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆறாவது இன்று காலையில்தான் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. வெறும் தொட்டியைப் பார்த்து அவள் தவிக்கிற நேரத்தில் இதையும் சொன்னால் நான் மனிதனே இல்லை. ஏழாவது வாங்கி வந்துவிட்டேன். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததும் பக்குவமாகச் சொல்கிறேன். நீ கொஞ்சம் வாசலைப் பார்த்துக்கொள், அவள் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.