பிள்ளைக் காம்பராவில் ஒரு கண்ணாடி

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக் குன்றுபோல் அமர்ந்திருக்கும் பெரிய கங்காணி இராசையா அவர்களே! கல் சுமந்தும் மரம் அறுத்தும் இந்தக் கட்டடத்தை எழுப்பிய பெரியோர்களே! தொட்டில்களுக்குத் துணி அனுப்பிவிட்டு, தன் பெயரைச் சொல்லக்கூடாது என்றும் சொல்லி அனுப்பிய பதுளைக் கடைவீதி புஹாரி அவர்களே! அவருடைய வண்டிக்குள் திரைக்குப் பின்னே அமர்ந்து என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் நளீரா அக்கா அவர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! என்னைவிட உரக்கப் பேசிக்கொண்டிருக்கும் கைக்குழந்தைகளே! உங்கள் எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

நீங்கள் மலைக்குப் போகும் நேரத்தில் உங்கள் பிள்ளைகள் தூங்கவும் பசியாறவும் இந்தப் பிள்ளைக் காம்பரா இன்று திறக்கப்படுகிறது. இதற்கு வேண்டிய பொருள்களை எழுதித் தரும்படி குழுவினர் என்னிடம் சொன்னார்கள். தொட்டில் என்று எழுதினேன், தலையசைத்தார்கள். பால் காய்ச்சச் சட்டி என்று எழுதினேன்; தலையசைத்தார்கள். கடைசியில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று என்று எழுதினேன். தலைவர் பென்சிலை எடுத்து அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"பால் குடுக்க வர்றவளுக்குக் கண்ணாடி எதுக்குங்க வாத்தியாரம்மா?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். எதையும் உள்ளே போட்டுப் பல நாள் ஊறவைத்த பிறகே எனக்குப் பேச்சு வரும். பத்து நாள் ஊறிவிட்டது. இன்று சொல்கிறேன்.

பின்வரிசையில் யாரோ, கண்ணாடி பார்த்தால் கொழுந்து கூடுமா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், ஐயா. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், கண்டியில் கல்லூரிப் பயிற்சி முடித்து இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு வந்தேன். கணக்கப்பிள்ளையாக இருந்த என் கணவருக்குப் பெருமை. எனக்கோ அதைவிடப் பெருமை. அந்தப் பெருமை எதில் இருந்தது தெரியுமா? ஒரு ஜாக்கெட்டில். கருநீலத் துணி, கழுத்தை மூடும் பட்டி, மணிக்கட்டில் லேஸ், முதுகில் பதினான்கு சின்னப் பொத்தான்கள். கல்லூரியில் ஆசிரியைக்கு அதுதான் முறையான உடை. அதைப் போட்டுக்கொண்டு கரும்பலகைக்கு முன் நின்றால், நான்தான் நான் என்று எனக்குத் தோன்றும்.

முதுகுப் பொத்தானை நானே போட்டுக்கொள்ள முடியாது. என் கணவர்தான் போட்டுவிடுவார். விடியும்முன் பெரட்டுக்குப் போய் ஆள் கணக்கெடுக்க வேண்டியவர் அவர். ஆகவே ஐந்து மணிக்கே என்னைப் பூட்டிவிட்டுப் போவார். மாலையில் வந்துதான் திறப்பார். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், பிள்ளை பிறக்கும்வரை.

அதே காலத்தில் இதே தோட்டத்தில் இராக்கம்மாவும் பிள்ளைத்தாய்ச்சி. இதோ, முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாளே, அவள்தான். நிறைமாத வயிற்றோடும் கொண்டையில் மஞ்சள் செவ்வந்தி வைத்துத்தான் பெரட்டுக்கு வருவாள். அப்போது சில்லறைக் கங்காணியாக இருந்த ஒருவர், பெயர் வேண்டாம், தலைவர் அவர்கள் ஏன் இப்போதே மீசையைத் தடவுகிறார்கள் என்று தெரியவில்லை, அவளைப் பார்த்துக் கேட்டார்:

"மலைக்கு வந்தியா புள்ள, மாப்பிள்ள பாக்க வந்தியா?"

"பூவப் பாக்கக் கொழுந்துக்குத்தான் கண்ணு இல்லைங்க கங்காணி, எனக்கு இருக்கே" என்றாள் அவள்.

இதை என் கணவர் வீட்டில் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அந்த வாரம்தான் எங்கள் வீட்டுக் கண்ணாடியை நான் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். வீங்கிய பாதமும் கறுத்த கழுத்துமாக எனக்குள்ளிருந்து வேறு யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. தாயாகப் போகிறவள் இதையெல்லாம் நினைக்கலாமா என்று வெட்கமும் வந்தது. கவலை ஒன்று, அந்தக் கவலையைப் பற்றிய வெட்கம் ஒன்று. இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் பிறந்தாள். ஜெயலெட்சுமி என்று பெயர் வைத்தோம். இரண்டாம் மாதம் பள்ளிக்குத் திரும்பினேன். விடியும்முன் பால் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கொட்டகையில் இராக்கம்மாவிடம் விட்டுவிட்டுப் போவேன். அவளும் பிள்ளை பெற்று முப்பது நாள். மலையேறும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். என் பிள்ளைக்குப் பகலெல்லாம் பசும்பாலும் கஞ்சித் தண்ணீரும்தான். என் பால் என்னிடமே கட்டிக்கொண்டு வலித்தது.

பரீட்சை நாள் வந்தது. அதிகாரி ஒருவர் குதிரையில் வந்து பிள்ளைகளைச் சோதித்தார். நடுப்பகலில் கொட்டகையிலிருந்து அழுகை கேட்டது. தாய்மார்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை அழுதால் காதா முதலில் கேட்கிறது? நெஞ்சுதான் கேட்கிறது. கருநீலத் துணியில் ஈரம் பரவியது. கணக்குப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்கதவுக்கு ஓடினேன்.

அங்கே இராக்கம்மா பிள்ளையோடு நிற்கிறாள். கஞ்சித் தண்ணீரைத் துப்பிவிட்டதாம். என் கை முதுகுக்கு எட்டவில்லை. கொழுந்துக் கறையேறிக் காய்ந்த அவள் விரல்களுக்கு அந்தச் சின்னப் பொத்தான்கள் பிடிபடவில்லை. பிள்ளை நீலம் பாரித்து அழுகிறது.

"பிச்சிரவாம்மா?" என்றாள்.

"பிய்த்துவிடு" என்றேன்.

ஒரே இழுப்பு. பதினான்கும் தெறித்தன. பிள்ளை பசியாறியது, அவளும் நானும் தரையில் உட்கார்ந்து அழுதோம். பிறகு தன் மழைக் கம்பளியை என் முதுகில் போர்த்தி வகுப்புக்கு அனுப்பினாள். ஈரக் கம்பளியோடு நின்று பரீட்சையை முடித்தேன்.

அந்த அதிகாரி கம்பளியைப் பார்த்தார், குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் பள்ளி மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது. ஒழுங்காக உடுத்தத் தெரியாதவள் ஆசிரியையாக இருக்க முடியாது. திங்கட்கிழமை அவரே நேரில் வருவாராம். முறையான ஜாக்கெட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பள்ளிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். முறையான ஜாக்கெட் போட்டால் பிள்ளை பட்டினி. போடாவிட்டால் என் பள்ளிக்கூடம் இல்லை.

பிள்ளையையும் ஜாக்கெட்டையும் தெறித்த பொத்தான்களையும் எடுத்துக்கொண்டு பதுளைக்கு வண்டி கட்டினேன். புஹாரி அவர்கள் முன்கடையில் தைப்பார். பெண்களின் துணியை உள்ளே அவர் மனைவி நளீரா அக்கா தைப்பார். அக்கா அந்த ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, புள்ள பெத்தவ தச்ச சட்ட இல்ல இது" என்றார். "முதுகுல இருக்கிறத முன்னுக்குக் கொண்டாந்தா முடிஞ்சிச்சே."

தையலைப் பிரித்தார். பக்கங்களைத் தளர்த்தினார். கழுத்தைப் புதிதாக வெட்டினார். முதுகை முன்னாக்கி, பொத்தான்களின்மேல் லேஸை மூடித் தைத்தார். பொழுது சாயும்முன் போட்டுப் பார்க்கச் சொன்னார். என் கையாலேயே பூட்டினேன். என் கையாலேயே திறந்தேன். பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். அப்போது அவர் பெரிய கண்ணாடி ஒன்றைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார்.

நான் பார்க்கமாட்டேன் என்றேன். அவர் விடவில்லை.

பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருமை இருந்தது. முகம் இளைத்திருந்தது. ஆனால் அங்கே இருந்தது வேறு யாரும் இல்லை, நான்தான். என் மடியில் இன்னொரு முகம், கண்ணாடிக்குள் என்னைக் கண்டு பால் வழியச் சிரித்தது. தாயையும் ஆசிரியையையும் ஒரே சட்டத்துக்குள் முதன்முதலாக அன்றுதான் கண்டேன்.

திங்கட்கிழமை மேலாளர் வந்தார். லேஸைப் பார்த்தார், கழுத்துப் பட்டியைப் பார்த்தார், இதுதான் முறை என்று சொல்லிவிட்டுப் போனார். அதே துணி, அதே பதினான்கு பொத்தான்கள். மறுநாள் இராக்கம்மா பள்ளி வாசலில் நின்றாள். "எனக்கும் ஒன்னு அதே மாதிரி வேணும்மா. ஆனா நீலம் வேணாம், பூப்போட்டது" என்றாள்.

தலைவர் அவர்களே, பெரியோர்களே, இப்போது கேட்கிறேன். தாயானவள் தேய்ந்துபோக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? தொட்டிலை ஆட்டும் கைக்கு ஒரு வளையல் ஆகாதா? கூடை சுமக்கும் தலைக்கு ஒரு பூ பாரமா? பனியிலும் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று பறிக்கிறாள். பறித்த கையோடு ஓடிவந்து பால் கொடுக்கிறாள். கொடுத்த மறுநிமிடம் மலைக்கு ஓடுகிறாள். பிள்ளையின் முகத்தை ஊரே பார்க்கிறது. அவள் முகத்தை அவளாவது பார்க்க வேண்டாமா? மலை அவளை ஆள் என்று எண்ணுகிறது; பிள்ளை அவளை அம்மா என்று எண்ணுகிறது. இரண்டுக்கும் நடுவே அவள் இராக்கம்மா என்று தன்னை எண்ணிக்கொள்ள அரை நிமிடம் போதும். அதற்குத்தான் கண்ணாடி.

பின்வரிசை ஐயா, கொழுந்து கூடுமா என்று எனக்குத் தெரியாது. பறிப்பவள் குறையமாட்டாள்.

பட்டியலில் இருந்த கோட்டை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நளீரா அக்கா தன் வீட்டுக் கண்ணாடியையே வண்டியில் கொண்டுவந்திருக்கிறார். அன்று என் முன்னால் வைத்த அதே கண்ணாடி. தலைவர் அவர்களிடம் நான் கேட்பது ஒரே ஓர் ஆணி.

என்ன சொல்கிறார்கள்? சுத்தியல் இருக்கிறதாம். தாமே அடிப்பதாகச் சொல்கிறார்கள். நன்றி, ஐயா. நிறைந்த மனத்தோடு நன்றி. இவ்வளவு நேரம் அழாமல் இருந்த குழந்தைகளுக்கும், அழுத குழந்தைகளுக்கும், கேட்டிருந்த உங்கள் எல்லாருக்கும் நன்றியும் வணக்கமும்.

இராக்கம்மா, எழுந்து வா. ஆணி அடிக்கும் உயரத்தை நீ சொல். நின்று பார்க்கிறவர்களுக்கு வேண்டாம். தரையில் உட்கார்ந்து பால் கொடுக்கிறவளுக்கு இரண்டு முகமும் தெரிய வேண்டும்.