முன் இடது டயர்

ஐயா, ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உங்கள் ஜீப்பின் வலது பின் டயரில் காற்று கம்மியாக இருக்கிறது. உள்ளே வரும்போது கவனித்தேன். பிறகு மறந்துபோகும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் இராமலிங்கம். ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டயர் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேங்கிக்காலில், புதிதாக வந்த நகர் ஒன்றில் குடியிருக்கிறேன். என் எதிர்வீட்டு பிரகாஷின் கார் போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் தாண்டிப் பாலத்துச் சுவரில் மோதியது, அவர் மனைவி ஓவியா அங்கேயே இறந்துவிட்டார். பிரகாஷ் வேகமாக ஓட்டியதுதான் காரணம் என்று வழக்குப் பதிவாகியிருக்கிறதாம். அது தவறு. தவறான தகவல் ஒரு காகிதத்தில் ஏறினால் எனக்குத் தூக்கம் வராது.

டயருக்கு இரண்டு வயது உண்டு, ஐயா. ஒன்று ஓடிய வயது. பட்டன், அதாவது டயரின் மேல் ரப்பர் கட்டங்கள், தேய்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். சந்தேகமிருந்தால் ஒரு நாணயத்தைச் செருகிப் பார்க்கலாம். இன்னொன்று பிறந்த வயது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். ஆறு வருடமானால் சந்தேகப்பட வேண்டும். பத்து வருடமானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கி எறிய வேண்டும். டிக்கியில் சும்மா படுத்திருக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான், ரப்பர் படுத்துக்கொண்டே கிழடாகும்.

இதையெல்லாம் எங்கள் நகரில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே செல்போனைக் காதில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அழைப்பே வராத போனில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் பேசுவான் என்று எதிரிலேயே நின்று பார்த்திருக்கிறேன். பதினொரு நிமிடம்.

ஓவியா அப்படியில்லை. கேள்வி கேட்பார். ஒருநாள் நாணயத்தோடு வாசலுக்கு வந்து தானே குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், முன்னாடி லெஃப்ட் சைடுல மட்டும் சுத்தமா தேஞ்சு போச்சு, மாத்தணும் இல்ல?" என்றார். முப்பத்தொரு வருடத்தில் என்னிடம் வேலை பழகியவர்கள்கூட அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிரகாஷ் வேறு ரகம். அடி அண்ணாமலைப் பக்கம் மனை விற்கிறவர், எங்கள் நகரின் சங்கச் செயலாளர். பழைய காராக வாங்கி, மாதாமாதம் பௌர்ணமிக்கு முன்னால் அதைக் கழுவிப் பொட்டு வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார். பழம் வைக்கக் குனிகிற மனிதர், அதற்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கும் எண்ணை ஒருநாளும் படித்ததில்லை.

சித்திரையில் நடந்த சங்கக் கூட்டத்தில் டயரைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் கேட்டேன். பிரகாஷ் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "டயர் சாருக்கு பயம் ஜாஸ்திங்க. நம்ம வண்டிக்கு நாலு எலுமிச்சம்பழம் போதும். மீறி ஒண்ணு போச்சுனா ஸ்டெப்னி கீது. இவர் தலை மாதிரி இல்ல, அது இன்னும் முடிகூட கொட்டாத புதுசு" என்றார். புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சொன்னார். சொல்லிவிட்டு என் வழுக்கையைப் பார்த்தார். நாற்பது பேர் சிரித்தார்கள். ஓவியா சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். அவரும் சிரித்தார், கொஞ்சம். அதை நான் மன்னித்துவிட்டேன்.

அந்த ஸ்டெப்னியை நான் பார்த்திருக்கிறேன். எண் 2314. இரண்டாயிரத்துப் பதினான்கில் பிறந்தது.

போன வியாழக்கிழமை பிரகாஷ் என் வீட்டு வாசலுக்கு வந்து சாவியை நீட்டினார். "இவ தொல்லை தாங்கல சார். ஞாயித்துக்கிழமை சென்னை போறோம், இவ தங்கச்சிக்கு சீமந்தம். உங்க கையால இன்னா செய்யணுமோ செஞ்சிடுங்க. புதுசு போடணும்னாலும் போட்டுடுங்க, பாய்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டே, "அன்னிக்கு தமாஷுக்குப் பேசினேன், மனசுல வெச்சிக்காதீங்க" என்றும் சொன்னார். கேலிக்கு நாற்பது சாட்சி. மன்னிப்புக்கு என் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு மட்டும்.

டயர் கடை பக்ருதீன் பாய் இரண்டு புது டயர்களைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். ஸ்டெப்னியை முன் இடது பக்கம் மாட்டி, தேய்ந்ததை டிக்கியில் போடச் சொன்னேன்.

"இன்னா சார் இது, பதினோரு வருஷத்து டயர்" என்றார் பாய். "நம்பர் பாக்க எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான?"

"ஊருக்குள்ள ஓடற வண்டி பாய். அடி அண்ணாமலை போயிட்டு வர்றதுக்கு இது போதும். நான் சொல்றேன், போடுங்க."

பாய் மேல் குற்றமில்லை. என்னை நம்பினார். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். மற்றபடி பிரகாஷ் சபையில் சொன்ன யோசனையைத்தான் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன்.

முன் இடது பக்கம் ஓவியா உட்காரும் பக்கம் என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, ஆனால் அதற்குள் நட்டுகளை முறுக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். ஓவியா கண்ணாடியை இறக்கி, "எல்லாம் சரி பண்ணிட்டீங்களா அங்கிள்? நம்பிப் போலாமா?" என்றார். "போயிட்டு வாம்மா" என்றேன். குழந்தை அக்ஷயா அம்மா மடியில் இருந்தாள். அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போடச் சொன்னவன் நான். அதனால்தான் குழந்தை பிழைத்தது. இதை இதுவரை ஒருவரும் குறிப்பிடவில்லை.

டயர் வழியில் மெல்ல இறங்கும், பிரகாஷ் வெயிலில் இறங்கி நின்று என்னை நினைத்துக்கொள்வார் என்றுதான் எண்ணினேன். நெடுஞ்சாலையில், கத்திரி வெயிலில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் பதினொரு வருட டயர் மெல்ல இறங்காது என்பது முப்பத்தொரு வருடம் டயர் பார்த்தவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெரிந்ததை ஒருவன் மூன்று நாள் யோசிக்காமல் இருக்க முடியும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பிரகாஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க பாத்துப் பாத்து செஞ்சி குடுத்தீங்களே சார், நாந்தான் வேகமா ஓட்டி அவளைக் கொன்னுட்டேன்" என்றார். ஆறுதல் சொன்னேன். நான்கு நாள் காத்திருந்தேன். வேகம் என்கிறார்கள், தூக்கக் கலக்கம் என்கிறார்கள், கண் திருஷ்டி என்கிறார்கள். நாற்பது வீட்டில் ஒரு வீடாவது டயர் என்று சொல்ல வேண்டாமா?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வெடிக்கும் என்று தெரிந்தே அதை மாட்டினேன், தெரிந்தே வழியனுப்பினேன். கொலை என்று போடுவதானால் போடுங்கள், அந்த வார்த்தையில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் காரணம் என்ற இடத்தில் டயரின் வயது என்று தெளிவாக இருக்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் அதை யாராவது மைக்கில் படித்தால் போதும். எங்கள் நகரில் நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டவர் ஒருவர்தான், ஐயா. ஓவியா இருந்திருந்தால் இதற்காக உங்களிடம் வர வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.