மறுத்து நின்ற கைக்கு ஒரு வணக்கம்

ஈஜோக் சாலையோரத்துக் கையுறைத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு மேலாளராக விளங்கி, இன்று பணி ஓய்வு பெறும் அன்பு அக்கா, திருமதி லீலாவதி அவர்களே! ஒழுகும் கையுறையை ஒரு பார்வையில் கண்டுகொள்பவரே! ஓய்ந்துபோன முகத்தை அதற்கும் முன்பே கண்டுகொள்பவரே! கண்டிப்பையும் கனிவையும் ஒரே கையில் ஏந்தியவரே! உடன் பணியாற்றிய நாங்கள் ஒருமித்துக் கூறும் வணக்கம்!

முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் பெட்டி கட்டும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். தஞ்சோங் காராங்கிலிருந்து வரும் தொழிற்சாலைப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து பாடப் புத்தகம் படித்தபடியே வருவீர்கள் என்று அந்நாளில் உடன் வந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மாலை வகுப்புகளுக்குப் போய்ச் சான்றிதழ் பெற்றீர்கள். சோதனைக் கூடத்துக்கு உதவியாளராகச் சென்று, பின்னாளில் அந்தக் கூடத்துக்கே தலைவியானீர்கள். பதவி உயர்ந்த பிறகும் பேருந்தில் அதே இருக்கைதான். உங்களுக்கென ஒதுக்கிய கார் நிறுத்துமிடத்தில் எங்கள் மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

உங்கள் கூடத்தை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்ச் சோதனை. ஒரே தடவையில் செய்த தொகுதியான ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில கையுறைகளை எடுத்து, தண்ணீர் நிரப்பி, வரிசையாகத் தொங்கவிட்டு, அதன் முன் அமைதியாக நிற்பீர்கள். எங்காவது ஊசித் துளை இருந்து ஒரு சொட்டு கசிந்தாலும் உங்கள் புருவம் நெளியும். கசிவு கூடினால் லாட் முழுவதும் திரும்பிவிடும். "இத ஒரு மிஸ்ஸி கையில மாட்டிக்கிட்டு ஊசி போடுவா, காயத்தத் தொடைப்பா. அவளுக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கும்ல?" என்பீர்கள். தாதியரை நீங்கள் நேரில் கண்டு பேசுவது போலவே இருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள உலகமே கை நீட்டி நின்றபோதும், தண்ணீர் நிரப்பாமல் ஒரு லாட்டையும் வெளியே விட்டதில்லை.

ஆனால், லாட் தேறவில்லை என்பதை வெறும் காகிதமாக ஒருபோதும் அனுப்பியதில்லை. நீங்களே நடந்து வருவீர்கள், கையில் ஒரு கறிபாப் பொட்டலத்தோடு! தவறு செய்தவர் பெயரைக் கூட்டத்தில் சொல்லாமல், அந்த உற்பத்தி வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் பலகாரத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, பிறகுதான் செய்தியைச் சொல்வீர்கள். இதனால் கறிபாப் பொட்டலத்தைக் கண்டாலே நாங்கள் பின்வாங்கத் தொடங்கினோம். உங்கள் பிறந்தநாளுக்கு ஒருமுறை நீங்கள் அதை வாங்கி வந்தபோது, "யக்கா, எந்த லாட்டுன்னு மொதல்ல சொல்லிடுங்க, அப்புறமா தின்னுறோம்," என்று ஒருவர் அலறியது நினைவிருக்கிறதா?

அக்கா, சென்ற வியாழக்கிழமை நடந்ததை இந்தச் சபையில் சொல்லாமல் இந்த மடல் நிறைவுறாது. சம்பந்தப்பட்டவரே சொல்லச் சொன்னார்.

உங்கள் கையொப்பம் பெறும் கடைசி லாட் குறையே இல்லாமல் அமைய வேண்டும் என்பது மூன்றாம் வரிசையின் மேற்பார்வையாளர் சேதுவின் ஆசை. காலையில் இயந்திரத்துக்கு மாலை சூட்டி, தேங்காய் உடைத்து, சாம்பிராணித் தட்டை வரிசை நெடுகக் காட்டினார். ரப்பர் பால் நிரம்பிய டாங்கி மூடியில்லாமல் இருந்தது. புகையோடு கிளம்பிய சாம்பல் அதற்குள் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கண்களை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். அழைத்ததற்காக வந்திருந்த நீங்களும்தான்.

சாம்பல் துகள் ஒட்டிய இடங்களில் ஊசித் துளை விழுந்து, தண்ணீர்ச் சோதனையில் கையுறைகள் கசிந்தன. மதியத்துக்கு மேல் நீங்கள் பொட்டலத்தோடு வருவதைக் கண்டதும் சேதுவின் முகம் வெளுத்தது. ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர். இன்னொன்று வந்தால் மேற்பார்வையாளர் பொறுப்பு போய்விடும். வாசலில் லோரி காத்திருந்தது.

"யக்கா, சாமி கும்பிட்டு செஞ்ச லாட்டு லா இது. இன்னைக்கு ஒரு நாளைக்கு விட்டுருங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்கன்னுதானே சேது நம்மள இங்க நிக்க வெச்சிருக்காங்க. நீ சாமிக்குக் காட்டுனது தப்பில்ல. டாங்கிக்கு மேல காட்டுனதுதான் தப்பு. மொதல்ல இதச் சாப்பிடு. அப்புறம் ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போவோம்."

ஆம், இரண்டு பேரும்தான் போனீர்கள். இதோ மேடையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் எங்கள் தொழிற்சாலை மேலாளர் திரு. பாலன் அன்று சிரிக்கவில்லை. யாரைக் கேட்டு வரிசையில் பூசை போட்டார்கள் என்று கடிந்துகொண்டார். அப்போது நீங்கள் சொன்னதை, கதவுக்கு வெளியே நின்ற எங்களில் சிலர் கேட்டோம்.

"சார், டாங்கிய மூடுங்கன்னு சொல்ல வேண்டியவ நான். அங்கயேதான் நின்னேன், கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு. கடிதம் குடுக்கறதா இருந்தா எனக்கும் ஒன்னு குடுங்க."

"ரெண்டு நாள்ல வேலைய முடிச்சிட்டுப் போறவங்களுக்கு நான் என்னத்தம்மா எழுதறது?"

"அப்ப அவனுக்கும் எழுதாதீங்க, சார். அந்த டாங்கிக்கு ஒரு மூடி செய்யச் சொல்லுங்க."

கடிதம் எழுதப்படவில்லை; மூடி செய்யப்பட்டது. ஆயினும் லாட்டின் மீது இரக்கம் காட்டவில்லை நீங்கள். 'தேறவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள். முப்பத்து மூன்று ஆண்டுச் சேவையில் உங்கள் கடைசிக் கையொப்பம் ஒரு மறுப்பு! இதைவிடப் பொருத்தமான ஒன்றை நாங்கள் ஆசைப்பட்டுத் தேடியிருந்தாலும் கண்டிருக்க மாட்டோம். இறைவன் விரும்பும் காணிக்கை யாருக்கும் தீங்கு செய்யாத வேலைதான் என்பதை, பூசை முடிந்த ஒரு பகற்பொழுதில், யார் மனமும் நோகாமல் எங்களுக்கு உணர்த்தினீர்கள்.

டாங்கியைக் கழுவி, புதுப் பால் நிரப்பி, வெள்ளிக்கிழமை மறுபடியும் செய்தோம். சோதனையை உங்கள் இடத்துக்கு வரும் கங்காவிடம் விட்டுவிட்டு, கூடத்துக்கு வெளியே சுவரைப் பார்த்தபடி நின்றீர்கள். கங்கா இருமுறை கதவுப் பக்கம் திரும்பினார், நீங்கள் திரும்பவில்லை. கையுறைகள் தண்ணீரோடு தொங்கின. ஒரு சொட்டும் விழவில்லை. கங்கா தம் பெயரை எழுதினார். லோரி கிள்ளான் துறைமுகத்துக்குப் புறப்பட்டது.

எங்கள் அன்புக்குரிய அக்கா! முட்டி வலி குறைந்து, கண்ணொளி நிறைந்து, கணவர், பிள்ளைகள், பேரக் குழந்தைகளோடு பல்லாண்டு வாழ்க! வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகும்போது எங்கள் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள். நாங்கள் உங்கள் பெயரைச் சொல்ல மறக்க மாட்டோம்.

இன்னும் ஒன்று. லோரி போன பிறகு சேது உங்கள் முன் வந்து நின்று, இரு கைகளையும் கூப்பினார். நீங்கள் அந்தக் கைகளைப் பற்றி மெல்லப் பிரித்துவிட்டுச் சொன்னீர்கள்: "போதும் போதும். போயி டாங்கிய மூடு, சேது."

மூடிவிட்டார் அக்கா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் தண்ணீர்ச் சோதனையில் தேறியவர்களும்,
தேறாமல் திரும்பி, மறுபடியும் செய்து பார்த்தவர்களுமான
தொழிற்சாலைப் பணியாளர்கள் அனைவரும்
ஈஜோக், சிலாங்கூர்