ஒரே எண்ணில் இரண்டு சாமான்

எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் டீவியை நிற்பாட்டிவிடுவேன். வந்தவர் கதைக்கும்போது அது சத்தம் போட்டுக்கொண்டிருப்பது மரியாதையில்லை. பாலாவியிலிருந்து அழைப்பு மணியைத் திருத்த வந்த இன்ஷாபுக்கும் மூன்று தடவையும் அந்த மரியாதையைச் செய்தேன். அவனைப் பொலிஸில் பிடித்து வைத்து விசாரிக்கிறீர்களாம். அவன் சுத்தமான வேலைக்காரன். அவனை விட்டுவிடுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதித் தருகிறேன்.

மஹ்ரூப் என் மனைவி பரீனாவின் நானா, கூடப் பிறந்த அண்ணன். லொறி மோதிக் கழுத்தில் அடிபட்டு, ஒரு கை மட்டும் அசைய, ஐந்து வருடமாக எத்தாளையில் எங்கள் வீட்டில் கிடந்தார். சளி அடைத்தால் அவருக்கு உரத்த சத்தம் வராது. யாராவது ஓடிப்போய் நிமிர்த்தி முதுகில் தட்ட வேண்டும். அதற்காகத்தான் பரீனா வைஃபையில் வேலை செய்யும் மணி ஒன்றைக் கட்டிலில் பொருத்தினாள். அவர் அமத்தினால் எங்கள் இரண்டு பேருடைய போனிலும் அடிக்கும்.

மற்ற நேரத்தில் அவருடைய வாய்க்கு ஒரு குறையும் இருக்கவில்லை. 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இந்தப் பக்கம் அகதி முகாமுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பரீனாவைக் கலியாணம் முடித்துப் பத்தொன்பது வருடம். ஒரு நாளாவது என்னை மச்சான் என்று கூப்பிட்டவரில்லை. நான் கதவடியில் நிற்கும்போதே, "பரீனா, அந்த அகதிக்கிட்ட தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லு" என்பார்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மகள் நஸ்ஹாவைப் பெண் பார்க்க வந்தார்கள். "வாப்பாட ஊரு எதுண்டு கேட்டீங்களா? முகாம்" என்று மஹ்ரூப் அவர்களிடம் சொல்லிச் சிரித்தார். வந்தவர்கள் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. மகள் மூன்று நாள் சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

வைஃபை ரௌட்டரில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண் உண்டு, வீட்டு இலக்கம் மாதிரி. மணிக்கு இருந்த எண்ணையே டீவிக்கும் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. டீவி ஓடினால் மணி காணாமல் போகும், நிற்பாட்டினால் திரும்பி வரும்.

இன்ஷாப் வரும்போதெல்லாம் டீவி நின்றிருந்ததால் மணி நன்றாகவே அடித்தது. "லிஸ்ட்ல இரிக்குதே நானா. எப்ப காணாமப் போகுதுண்டு எனக்கு விளங்குதில்ல" என்று தலையைச் சொறிந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அவசரப்படவில்லை. பழுது எல்லோருக்கும் பழகிப்போக வேண்டும் என்று மூன்று மாதம் விட்டேன். அதற்குள் இரண்டு தடவை பரீனா தற்செயலாக எட்டிப் பார்த்ததால் அவர் பிழைத்தார். "நாசமாப் போன மணி" என்று அவள் அழுதாள். "இன்ஷாப இன்னொருக்கா வரச் சொல்லுவம்" என்று நான்தான் தேற்றினேன்.

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பரீனாவும் நஸ்ஹாவும் புத்தளத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் நானும் அவரும்தான். டீவியில் கிரிக்கெட் போட்டேன். பத்து ஓவர் பார்த்துவிட்டு நிற்பாட்டினேன். போனில் மணியின் பெயர் பச்சையாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அதை அமத்த யாரும் இருக்கவில்லை.

செய்தது நான்தான். எங்கே காட்டினாலும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவரைத் தொடவில்லை. உதவி கேட்டு ஒரு மனிதன் கூப்பிட்டால் போகாமல் இருக்கிறவனும் இல்லை நான். அன்றைக்குக் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தபோது கட்டில் கம்பியில் விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அடைத்த குரலில் "மச்சான்" என்று இரண்டு தடவை கேட்டது. டீவிச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவர் யாரைக் கூப்பிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.