சரியாக இறுக்காத நட்டு

டீசல் வண்டிக்கு ஃபில்டர் வாங்கும்போது பெட்டியைப் பார்த்து வாங்கக் கூடாது ஐயா. பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கிற பேப்பரின் மடிப்பைப் பார்க்க வேண்டும். மடிப்பு நெருக்கமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். விரலால் தள்ளினால் அசையக் கூடாது. எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனி வண்டிகளுக்கெல்லாம் டிரம்மிலிருந்துதான் டீசல் ஊற்றுவார்கள். துரு, மண், தண்ணீர் எல்லாம் சேர்ந்தே வரும். அத்தனையையும் அந்தப் பேப்பர்தான் தடுக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மச்சான் பலவேசம். என் மனைவி சோலையம்மாளுக்கு உடன்பிறந்த அண்ணன். ஆமத்தூருக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். இன்று மத்தியானத்துக்கு மேல் இறந்துபோனார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் கம்பெனி வேன் ஓட்டுகிறேன். காலையில் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். சோலையம்மாளும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். போன தீபாவளி சீசனில் ஃபில்டர் மாற்ற வேண்டியிருந்தது. விருதுநகர் பஜாரில் கடைக்காரர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். ஒன்று மச்சான் எப்போதும் மாட்டுகிற சாதாரண மஞ்சள் பெட்டி. இன்னொன்று மயில் படம் போட்டுப் பளபளவென்று இருந்தது. நான் மயிலை எடுத்தேன்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனதும் மச்சான் அதைத் திறந்து பார்த்தார். "மாப்ளே, மடிப்பு தொளதொளன்னு கெடக்கு. இத மாட்டாதீக" என்றார்.

"வண்டி ஓட்டுறது நானா, நீங்களா?" என்று கேட்டேன்.

சோலையம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அண்ணன் சொல்றதக் கேளுங்களேன். எல்லாந் தெரிஞ்ச மாதிரி நிக்கீக" என்று சிரித்தாள். நான் ஸ்பேனரை வாங்கி நானே மாட்டினேன். நான் மாட்டினேன் என்பது வேறு விஷயம். அதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் மருந்துக் கலவை அறையில் தீப்பிடித்தது. மூன்று பெண்களை என் வண்டியில் தூக்கிப் போட்டார்கள். சோலையம்மாள், எங்கள் ஊர் வேலுச்சாமியின் மனைவி வள்ளித்தாய், இன்னொரு சின்னப் பெண். சேலை எது, தோல் எது என்று தெரியவில்லை. விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். பாதி வழியில் வண்டி இழுக்கவில்லை. இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. இறங்கிக் கைப்பம்பை அடித்தேன். டீசல் ஏறவே இல்லை. உள்ளேயிருந்து சோலையம்மாள், "இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாள். பக்கத்தில்தான் என்றேன். மறுபடியும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. லாரி ஒன்று நின்று எங்களை ஏற்றிக்கொண்டபோது அந்தச் சின்னப் பெண்ணுக்கு மட்டும்தான் உயிர் இருந்தது.

மறுநாள் மச்சான் போய் வண்டியைப் பிரித்தார். பேப்பர் கஞ்சியாக ஊறிக் கிழிந்து குழாயை அடைத்திருந்தது. அவர் அதைக் கண்மாய்க்குள் வீசிவிட்டு மஞ்சள் பெட்டியிலிருந்து புதுசு ஒன்றை மாட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் வேலுச்சாமி என் சட்டையைப் பிடித்தான். "வண்டி ஏம்லே நின்னுச்சு?" என்றான். ஊரே கூடியிருந்தது. மச்சான் குறுக்கே வந்து அவன் காலில் விழுந்தார். "ஃபில்டர் மாத்துனது நாந்தேன். நட்டச் சரியா இறுக்காம விட்டுட்டேன், டீசல் குழாய்க்குள்ள காத்து ஏறிருச்சு. மாப்ள மேல தப்பில்ல" என்றார்.

அவரை அடித்தார்கள். வேலுச்சாமி மிதித்ததில் முன்பல் இரண்டு போயின. நான் தடுக்கவில்லை. தப்பை ஒப்புக்கொண்ட ஆளை அடிக்கும்போது நடுவில் போவது நியாயமில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வாய் வீங்கிய நிலையில் என்னிடம் வந்தார். "இசைவாணிக்கு ஆத்தா இல்ல. அப்பனாலதான் ஆத்தா போச்சுன்னு பிள்ள நெனைக்கக் கூடாது மாப்ளே. இது நம்மளோட போகட்டும்" என்றார். இசைவாணி என் மகள்.

அதன் பிறகு யாரும் அவரிடம் வண்டி விடுவதில்லை. என் மகளும் மாமன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். அப்போதும் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இரக்கமாகப் பார்ப்பார். சாப்பிட்டீகளா என்று கேட்பார். மனைவியைப் பறிகொடுத்தவனை, அவளைச் சாகவிட்டவர் அப்படிப் பார்க்கலாமா? பல மாதம் யோசித்துப் பார்த்தேன். நட்டை அவர் சரியாக இறுக்கியிருந்தால் சோலையம்மாள் பிழைத்திருப்பாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இன்று பின்பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லி வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஜாக்கி வைத்து, மல்லாந்து படுத்து உள்ளே போனார். தலை மட்டும் வெளியே இருந்தது. முட்டுக் கொடுத்திருந்த கல்லை நான் காலால் தள்ளினேன்.

"சோலையம்மா யாரால செத்தா மச்சான்?" என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு மாப்ளே அந்தப் பேச்சு? என்னாலதான்."

ஜாக்கியின் திருகை லேசாகத் தளர்த்தினேன். வண்டி மெதுவாக அவர் நெஞ்சில் இறங்கியது. "மாப்ளே, ஜாக்கி எறங்குது, ஜாக்கி எறங்குது" என்று கத்தினார். பிறகு என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அதற்கப்புறம் கத்தவில்லை. நான் திரும்பக் கேட்டேன்.

"நாந்தேன். நட்ட இறுக்கல" என்றார். மூச்சு இரைத்தது. "பள்ளிக்கூடம் விடுற நேரம். பிள்ள இங்கன வந்துறாம பாத்துக்கோங்க."

முழுவதும் தளர்த்தினேன். எலும்பு முறிவது வெளியே கேட்டது. வாயிலும் மூக்கிலும் ரத்தம் வந்தது. கை மட்டும் தரையைப் பிறாண்டிக்கொண்டே இருந்ததால், சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரால் தலையில் அடித்தேன். அது நிற்கும் வரை அடித்தேன்.

கையை டீசலில் கழுவி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் இசைவாணியைக் கூட்டி வந்து மச்சான் வீட்டிலேயே விட்டேன். பிள்ளை உள்ளே போக மாட்டேன் என்று வாசலிலேயே நின்றது. இனிமேல் பயப்பட வேண்டியதில்லை என்று சொன்னேன். மச்சான் மனைவி சொர்ணலட்சுமி அக்கா டீ போட்டுக் கொடுத்தது. மத்தியானம் சாப்பிடக்கூட அவர் வரவில்லையே என்று கேட்டது. வேலையாக இருக்கிறார் என்றேன். டீயைக் குடித்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கொன்றது நான்தான். ஆனால் இரண்டு தடவை கேட்டேன் என்பதையும் எழுதுங்கள். "நீங்கதான மாப்ளே மாட்டுனீக" என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் ஜாக்கியை ஏற்றியிருப்பேன். கடைசி வரைக்கும் அந்த மனுஷன் வாயிலிருந்து உண்மை வரவே இல்லை.